மரத்தை மாற்றித் தந்த பட்டறை: என் 1967 மொரிஸ் ட்ரவலர்

ஸ்க்ரூட்ரைவரின் நுனியை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன். அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. மரத்தில் குத்தியது போலவே இல்லை, ஈரப் புட்டுக்குள் கரண்டி இறங்கியது போல இருந்தது. வெளியே இழுத்தால் நுனியில் கறுப்பாக ஒரு பிசுபிசுப்பு. 2023 ஜனவரி, லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டு வாசல், நிலமெல்லாம் உறைபனி. நான் குத்திப் பார்த்தது என் மொரிஸ் மைனர் ட்ரவலரின் இடதுபக்க அடிச்சட்டத்தை, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால்.

அந்தக் காரை எனக்கு மீட்டுத் தந்த பட்டறையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயரைப் போடவில்லை. தகப்பனும் மகளுமாக இரண்டே பேர் வேலை செய்யும் இடம். எழுதட்டுமா என்று கேட்டபோது, ஏற்கெனவே ஒரு வருடத்துக்கு வேலை வரிசையில் நிற்கிறது, பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். லண்டனிலிருந்து மேற்கே இரண்டு மணிநேர ஓட்டம். இப்படி ஒரு கார் வைத்திருப்பவர்கள் தங்களுக்குக் கிடைக்கும் பட்டறையிடம் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிறகு மினியைத் தந்த அதே மனிதர். 1953இல் அதன் பின்பாதியை மரச்சட்டத்தில் கட்டி, பின்னால் இரட்டைக் கதவு வைத்து ட்ரவலர் என்று விட்டார்கள். 1971 வரை செய்தார்கள். பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்த மரத்தை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். அமெரிக்க ஸ்டேஷன் வேகன்கள் பலவற்றில் பிற்காலத்தில் ஒட்டியது மர ரேகை அச்சடித்த வினைல் தாள்தான், ஆகவே அப்படி நினைப்பதில் தப்பில்லை. ட்ரவலர் வேறு சாதி. தரை இரும்புதான். ஆனால் முன்கதவைத் தாண்டியதும் பக்கச்சுவர் முழுக்க ஆஷ் மரம். கூரையைத் தாங்குவது, கண்ணாடியைப் பிடிப்பது, அலுமினியத் தகட்டைத் தன் பள்ளத்தில் கவ்வி வைத்திருப்பது எல்லாம் அந்தச் சட்டம்தான். மரம் உக்கினால் கார் உக்கியது என்றே அர்த்தம். எம்.ஓ.டி. என்ற வருடாந்த வாகனப் பரிசோதனையில் துருப்பிடித்த இரும்புச் சட்டத்தை எப்படிப் பார்ப்பார்களோ, உக்கிய மரத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

எனக்கு ஏன் இந்தக் கார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் அப்பாவிடம் ஒரு மைனர் 1000 இருந்தது. சாம்பல் நிறம், நாலு கதவு. வாடகைக்கு ஓட்டினார். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போக, ஊரில் இருந்த மொரிஸ், ஒஸ்ரின் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. கைவசம் இருக்கும் கொஞ்சப் பெற்றோலைச் சூப்பிப் போத்தலில் வைத்துக்கொண்டு, காபுரேற்றருக்குள் சில துளி பீச்சி ஸ்ராட் பண்ணுவார். எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் அதைக் கொண்டுபோகும். வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். பள்ளிக்கூடச் சட்டையில் அந்த மணம் எப்போதும் இருந்தது. கையில் கிடைத்ததை வைத்துத் திருத்தக்கூடிய எளிய எஞ்சின் என்பதால்தான் அந்தக் கார்கள் அத்தனை கஷ்டத்திலும் ஓடின. அப்பா 2019இல் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து, ஒரு தனியாரிடம் 4,800 பவுணுக்கு இந்த ட்ரவலரை வாங்கினேன். ஆமண்ட் கிறீன் நிறம், 1098 சிசி எஞ்சின்.

விற்றவர் மரம் முழுக்கப் புதிது என்று சொன்னார். நம்பினேன். உண்மையில் உக்கிய இடங்களைச் சுரண்டி, பசைமாவை அடைத்து, மேலே மர நிறத்தில் பூசி, அதன்மேல் தடிப்பாக வார்னிஷ் அடித்திருந்தது. இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தது. முதலில் நான் காட்டிய ஒரு கராஜில், மரத்துக்குள் ரெசினை ஏற்றினால் கல் மாதிரி ஆகிவிடும், 900 பவுண் போதும் என்றார்கள். உக்கிய மரத்தைக் கல்லாக்கி அதன்மேல் கூரையை நிறுத்துவதா? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இந்தப் பட்டறைக்குப் போன முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. விலை பேசவில்லை. பெரியவர் ஒரு சின்ன ஊசிக்குத்தியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி முழங்காலில் வந்தார். சுத்தியலின் பிடியால் ஒவ்வொரு சட்டத்தையும் நாலு விரல் இடைவெளியில் தட்டினார். நல்ல மரம் 'டொக்' என்றது. கெட்ட இடத்தில் சத்தம் உள்ளுக்குள்ளேயே அமுங்கிப்போனது. தட்டித் தட்டி, இருக்கலாம் என்பதற்கு வெள்ளைச் சோக்கும் போக வேண்டும் என்பதற்குச் சிவப்புச் சோக்கும் போட்டுக்கொண்டே வந்தார். அதற்கே இரண்டு மணிநேரம். முடிவில் இடதுபக்கமும் இரண்டு பின்கதவுகளும் முழுக்கச் சிவப்பு. வலதுபக்கம் அடிச்சட்டமும் சக்கர வளைவும் மட்டும் சிவப்பு, மேலே எல்லாம் வெள்ளை.

நான் முழு மரத்தொகுதியும் மாற்றுவதற்கு மனதளவில் தயாராகித்தான் போயிருந்தேன். அவர் வேண்டாம் என்றார். வலதுபக்க மேல்சட்டம் தொழிற்சாலையிலிருந்து வந்த மரம், நல்லாக இருக்கும்போது எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேட்டார். முழுவதையும் மாற்றச் சொல்லியிருந்தால் அவருக்கு வேலையும் காசும் கூட. கேட்காமலே குறைத்துச் சொன்ன அந்த இடத்தில்தான் காரை இவரிடம் விடலாம் என்று முடிவெடுத்தேன். 2024 பெப்ரவரியில் கொண்டுபோய் விட்டோம்.

ஆஷ் மரம் இங்கே கிரிக்கெட் ஸ்டம்புக்கும் கோடரிப் பிடிக்கும் போகிற மரம். மோர்கன் கார்களின் உடற்சட்டமும் இதுதான். வளையும், அதிர்ச்சி தாங்கும், சட்டென்று முறியாது. ஆனால் மழையில் பூச்சில்லாமல் விட்டால் எளிதில் உக்கிவிடும். எங்கள் ஊர் முதிரை போல இலேசில் உக்காத மரம் என்று நினைத்துவிடக் கூடாது. பலகையின் நார் ஓடும் திசையைப் பார்த்துத்தான் துண்டு வெட்டுவார்கள் என்று மகள் விளக்கினாள். 2012இல் பிரித்தானியாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோயால் ஆஷ் மரங்கள் நாடு முழுக்கச் செத்துக்கொண்டிருக்கின்றன. நோய் முற்றுமுன் வெட்டிய நேரான மரத்தைத் தேடி வாங்கி, பட்டறையின் மேல்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்கைப் பார்த்தபோது மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. வரும் தலைமுறைக்கு இந்தக் கார்களுக்கு எந்த மரத்தைப் போடுவார்கள்?

ஏப்ரலில் போய்ப் பார்த்தபோது கூரையைக் கீழிருந்து மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். இடதுபக்கச் சுவரே இல்லை. பக்கத்து மேசையில் புதுச் சக்கர வளைவு. அதைத்தான் நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வளைவை ஒரே பலகையில் குடைந்தெடுத்தால் நுனிகளில் நார் குறுக்காக வந்து, ஒரு தட்டில் பிளந்துவிடும். ஆகவே நார் வளைவோடு ஓடும்படி துண்டு துண்டாக வெட்டி, இரண்டு கையின் விரல்களையும் கோத்துக்கொள்வது போலப் பல்லுப் பல்லாக இணைத்திருந்தார்கள். இணைப்பின் மேல் நகத்தை வைத்து இழுத்தேன். தடக்கவே இல்லை. கண்ணுக்குத்தான் கோடு தெரிந்தது. நிமிர்ந்த சட்டங்கள் கழுந்தும் துளையுமாகக் கோத்தவை. பசை போடுமுன் வெறுமனே பொருத்திக் காட்டினாள். கையால் தள்ள உள்ளே போனது, திரும்ப எடுக்க மரச்சுத்தியல் வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், எல்லோரும் கவனிக்க வேண்டியது. மரத்தின் வெட்டுமுகம்தான் தண்ணீரைக் குடிக்கும் வாய். பலகையின் பக்கத்தில் எவ்வளவு பூசினாலும் வெட்டுமுகத்தை மறந்தால் எல்லாம் வீண். என் காரின் பழைய அடிச்சட்டம் உக்கியது அங்கேயிருந்துதான். இவர்கள் ஒவ்வொரு துண்டின் நுனியையும் பொருத்துவதற்கு முன்பே உக்கல் தடுக்கும் மருந்தில் ஊற வைத்து, காய்ந்த பிறகு தனியாக மூடினார்கள். கட்டி முடித்த காரில் அந்த இடம் கண்ணுக்கே தெரியாது.

மரத்தைக் கழற்றியதும் எதிர்பாராத ஒன்று வெளியே வந்தது. இடதுபக்கப் பின் வில்லுத்தகட்டைப் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கி துருப்பிடித்து ஓட்டையாகி இருந்தது. உடனே படம் எடுத்து அனுப்பி, பதில் சொல்லும் வரைக்கும் அந்த இடத்தில் கை வைக்கவில்லை. சரி, செய்யுங்கள் என்றேன். ஒட்டப் போகும் தகட்டைக் காட்டி, இது இலங்கையில் செய்தது என்றார் பெரியவர். 1990களின் தொடக்கத்திலிருந்தே மைனர் தகடுகள் அங்கே செய்து இங்கே வந்திருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அப்பா சூப்பிப் போத்தலோடு காரைத் தள்ளிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அதே தீவின் இன்னொரு மூலையில் இந்தக் காருக்குப் பாகம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்புறம் நாங்கள் கேட்ட மாற்றங்கள். மைனருக்கு நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக்தான். ஹாரோ தெருவில் முன்னால் போகிறவர் சடாரென்று நிறுத்தினால் எனக்கு நெஞ்சு அடைக்கும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டோம். இது நான் செலவழித்ததிலேயே மிக நல்ல செலவு. டைனமோவை எடுத்துவிட்டு ஓல்டர்னேற்றர், பின்சீற்றுக்கும் சீற் பெல்ட், எத்தனோல் கலந்த பெற்றோல் அரிக்காத புது எரிபொருள் குழாய்கள். 2021க்குப் பிறகு இங்கே சாதாரணப் பெற்றோல் எல்லாம் பத்து வீதம் வரை எத்தனோல் கலந்த ஈ10தான், பழைய ரப்பர் அதைத் தாங்காது. நான் எப்படியும் எத்தனோல் குறைந்த ஈ5தான் அடிக்கிறேன், இருந்தாலும் ஒரு பாதுகாப்பு.

என் கணவருக்கு ஐந்து கியர் பெட்டி மேல் ஆசை. ஃபோர்ட் காரின் பெட்டியைப் போடும் கிட் கிடைக்கிறது, பலர் போட்டிருக்கிறார்கள். பெரியவர் செய்து தரமாட்டேன் என்று சொல்லவில்லை. கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை வெட்ட வேண்டி வரும், வெட்டினால் திரும்ப ஒட்டுவது லேசல்ல, ஒரு வாரம் யோசியுங்கள் என்றார். யோசித்து விட்டுவிட்டோம். மணிக்கு 55 மைலுக்கு மேல் நான் போவதில்லை, எனக்கு நாலு கியர் தாராளம். 40 வயது தாண்டிய காருக்கு எம்.ஓ.டி. விலக்கு இருந்தாலும், அடிப்படை அமைப்பைப் பெரிதாக மாற்றினால் அந்த விலக்கு போய்விடும் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். மரத்தைப் பழைய வடிவத்திலேயே மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. புகை அதிகம் விடும் வாகனங்களுக்கு லண்டனில் அறவிடும் யூலெஸ் கட்டணமும் இந்தப் பழைய காருக்கு இல்லை. விலக்கு இருந்தும் நான் வருடா வருடம் எம்.ஓ.டி. செய்விக்கிறேன், நீங்களும் செய்யுங்கள்.

பூச்சு பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ட்ரவலர் வைத்திருப்பவர்கள் அதிகம் பிழை விடுவது இதில்தான். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கடினமான வார்னிஷ் பார்க்க அழகு. ஆனால் மரம் கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும். கடினப் பூச்சு அதோடு சேர்ந்து அசையாமல் மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல், பூச்சுக்கு அடியிலேயே மரத்தைக் கறுப்பாக்கும். இவர்கள் போட்டது ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் சேர்ந்த வார்னிஷ். மெல்ல மெல்ல ஆறு பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு முழு நாள் காய விடுதல், பிறகு மெல்லிய உப்புத்தாள் தேய்ப்பு. நிறம் இலேசான தேன் நிறத்துக்குப் போகும், அது எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசிப் பூச்சுக்கு ஒரு சனிக்கிழமை என்னையே வரச்சொன்னார்கள். இனிமேல் வருடா வருடம் நான்தான் பூச வேண்டும், ஆகவே கையைப் பழக்கிக்கொள் என்றாள் மகள். தூரிகையின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனைய வேண்டும். மேலிருந்து கீழே, நாரோடு, ஒரே இழுப்பு. திரும்பிப் போய்த் தடவக் கூடாது. சட்டமும் அலுமினியத் தகடும் சேரும் மூலையில் வார்னிஷ் தேங்கும், அதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நாலு மணிநேரம் குனிந்து நின்றதில் முதுகு போய்விட்டது. ஆனால் அன்றைக்குத்தான் அந்தக் காரின் ஒவ்வொரு மூட்டையும் நான் தொட்டேன்.

மொத்தச் செலவு 7,670 பவுண். மரம் 1,950, மரவேலைக் கூலி 3,600, துருவேலை 640, பிரேக், மின்சாரம், பெல்ட் எல்லாம் சேர்த்து 1,480. பெரிய காசுதான். துருவைத் தவிர எல்லாம் முதலில் எழுதித் தந்த கணக்குப்படியே வந்தது. பில்லில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரி, கழற்றிய பழைய மரம் முழுவதும் ஒரு சாக்கில் கட்டி என்னிடமே தந்தார்கள். பழைய பாகத்தைக் காட்டாத கராஜை இனி நான் நம்ப மாட்டேன்.

குறை என்றால் நேரம். ஜூனில் தருவதாகச் சொன்னார்கள், கார் கைக்கு வந்தது நவம்பரில். மரம் காய ஆகும் நேரத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், அதற்கு நான் சண்டை பிடிக்க மாட்டேன். ஆனால் ஆகஸ்டில் மூன்று வாரம் போன் எடுக்கவேயில்லை. அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு குறுஞ்செய்தி போட்டிருந்தால் போதும். இதை அவர்களிடம் நேரிலேயே சொன்னேன், பெரியவர் மன்னிப்புக் கேட்டார்.

என் அம்மாவுக்கு 81 வயது. முழங்கால் சரியில்லை. ட்ரவலருக்குப் பக்கத்துக்கு ஒரே கதவுதான், ஆகவே முன்சீற்றில்தான் அவர் இருக்க முடியும், அதுவும் தாழ்வாக இருந்ததால் ஏறி இறங்குவது பெரிய பாடு. சீற்றைக் கொஞ்சம் உயர்த்தி, பிடித்து எழும்ப ஒரு கைப்பிடி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பிளாஸ்ரிக்கில் ஏதோ ஒன்றை வாங்கிப் பூட்டுவார்கள் என்று நினைத்தேன். கழற்றிய இடதுபக்கத் தூணின் மேல்பாதி உக்காமல் இருந்திருக்கிறது. அதை அறுத்து, இழைத்து, கைக்கு அடங்கும் உருளையாக்கிப் பூட்டியிருந்தாள் மகள். 1967இல் அந்தக் காரோடு வந்த அதே மரம். இதற்குப் பில்லில் ஒரு பென்ஸ்கூட இல்லை.

அம்மா வல்வெட்டித்துறையில் பிறந்தவர். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் பாய் விரித்துப் போன அன்னபூரணி என்ற கப்பலைக் கட்டின ஊர். வள்ளம் கட்டுகிற ஓடாவிமார் மரத்தைத் தட்டிப் பார்ப்பதைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவர். கார் வந்த அன்று சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து, ஏறுவதற்கு முன் வளைவைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார்.

"நல்லாய் இறுகின மரம் பிள்ளை. இது ஆர் ஓடாவி செய்தது?"

"ஒரு பொம்பிளைப் பிள்ளை அம்மா. இருபத்தாறு வயது."

கைப்பிடியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாம் சரி, மண்ணெண்ணெய் மணக்கேல்லை" என்றார். பின்னர் வாட்ஃபோர்ட் ரோட் வரைக்கும் போய்த் திரும்பினோம். அந்த முழுத் தூரமும் அம்மா கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

இன்னும் ஒரு சின்ன வேலை மிச்சம் இருக்கிறது. இடதுபக்கம் சறுக்கித் திறக்கும் கண்ணாடியின் பள்ளத்தில் கடும் மழை பெய்தால் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் உள்ளே வருகிறது. அந்தப் பள்ளம்தான் ட்ரவலர்களில் பாசி பிடிக்கிற இடம், ஆகவே அலட்சியப்படுத்த முடியாது. மார்ச்சில் கொண்டு வா, காசில்லாமல் புது ஃபெல்ற் போட்டுத் தருகிறோம் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மழை நாளில் பழைய துவாய் ஒன்றை மடித்து வைத்துக்கொள்கிறேன். மே மாதம் முதல் வெயில் வந்ததும் தூரிகையை எடுக்க வேண்டும், பின்கதவுகளின் அடி விளிம்பிலிருந்து தொடங்கும்படி பட்டறைக்காரரின் மகள் சொல்லியிருக்கிறாள்.